வாய் ஒன்று சொல்கிறது, படிவம் ஒன்று சொல்கிறது: துணைக் கணக்கு திறக்கும் ஏஐ கருவி பற்றி

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் துணைக் கணக்கு திறக்க இனிமேல் அந்தத் தளத்துக்குள் போய்த் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நமக்காக வேலைகளைச் செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்டிடம் பேச்சுவாக்கில் சொன்னால் போதும், அதுவே திறந்து கொடுத்துவிடும் என்றான் என் தம்பி மகன். வங்கியில் கணக்கு திறக்கும் மேசையில் பாதி உத்தியோக காலத்தைக் கழித்தவளிடம் இதைச் சொன்னால் சும்மா விடுவேனா? எங்கே, காட்டு என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவனும் இரண்டு நண்பர்களும் கோவையில் பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, தாங்களே எழுதிய நிரல்களை வைத்துக் கிரிப்டோவில் வாங்கி விற்கிறார்கள். இது நல்ல தொழிலா என்பது வேறு விவாதம்; அதை வீட்டில் பலமுறை பேசி ஓய்ந்துவிட்டோம். அவர்களுடைய கணக்கு வழக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. மூன்று பேரின் மூன்று நிரல்களும் ஒரே கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்று கணக்கு எழுதிய எவருக்கும் தெரியும். ஒரு நிரல் வாங்கி வைத்ததை இன்னொன்று விற்றுவிடும். மாதக் கடைசியில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கேட்டால் மூவரும் கூரையைப் பார்ப்பார்கள். துணைக் கணக்குகள் வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: பைனான்ஸ், பைபிட், ஓகேஎக்ஸ் போன்ற பெரிய எக்ஸ்சேஞ்சுகள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. அடையாளச் சான்று கொடுத்துத் திறந்த கணக்கு தாய்க் கணக்கு. அதன் கீழே கிளைகளாகத் துணைக் கணக்குகளைத் திறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இருப்பு தனி, வர்த்தகப் பதிவு தனி, ஏபிஐ வழியாக, அதாவது நிரல்களுக்கென்று எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் வாசல் வழியாக, அவை உள்ளே நுழைவதற்கான ஏபிஐ சாவியும் தனி. ஒரு நிரல் கட்டுப்பாடு இழந்தால் அந்தக் கிளையின் பணத்தோடு சேதம் நின்றுவிடும். வேண்டுமானால் அந்தக் கிளையை மட்டும் முடக்கி வைக்கலாம். ஆனால் துணைக் கணக்கு தனி ஆளுடைய கணக்கு ஆகிவிடாது. சட்டப்படி எல்லாப் பணமும் தாய்க் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. நண்பர்களின் பணத்தைத் தன் பெயரில் போட்டுவிட்டு "உனக்கு ஒரு துணைக் கணக்கு கொடுத்திருக்கிறேன்" என்பது, வெள்ளைத் தாளில் பங்கு எழுதிக் கொடுப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை எந்த ஏஜென்டும் தானாக எடுத்துச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், ஒப்பந்தமும் எழுத வைத்தேன்.

இனி கருவி. இதில் மூன்று பேர் கூட்டு. ஒன்று, மடிக்கணினியில் இருக்கும் ஏஐ உரையாடல் செயலி. இரண்டாவது, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டு, பிறகு மற்ற ஏஐ நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட எம்சிபி என்ற பொது நெறிமுறை. ஏஐ மாதிரியும் வெளிக் கருவிகளும் பேசிக்கொள்வதற்கான மொழி அது. மூன்றாவது, அந்த மொழியில் எழுதப்பட்ட இணைப்பான். எக்ஸ்சேஞ்சின் ஏபிஐயில் உள்ள வேலைகளை எல்லாம் "கருவி" என்ற பெயரில் ஏஜென்டின் முன்னால் அடுக்கி வைப்பது அதுதான். துணைக் கணக்கு திற, துணைக் கணக்குக்குச் சாவி உண்டாக்கு, பணம் மாற்று, முடக்கு, இருப்பு காட்டு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி. நாங்கள் பயன்படுத்திய இணைப்பான் யாரோ ஒரு நிரலாளர் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகப் போட்டது. அவர் பெயரையும் அதன் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. காசு வாங்காமல் உழைத்தவரைச் சந்தியில் நிறுத்துவது என் வழக்கமில்லை. உரையாடல் செயலியின் பெயரும் தேவையில்லை, நான் சொல்லப்போவது எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும்.

எக்ஸ்சேஞ்சாக எடுத்துக்கொண்டது பைபிட்டின் சோதனைத் தளம். அசல் தளத்தைப் போலவே இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் விளையாட்டுப் பணம். "அத்தை, நேராக அசலிலேயே செய்துவிடலாமே, கொஞ்சம் பணம்தானே கிடக்கிறது" என்றான் பையன். கொஞ்சம் பணம் என்ற பேச்சையே நான் கேட்க மாட்டேன் என்பது அவனுக்கும் தெரியும்.

இணைப்பானை நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஆனால் நிறுவும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாய்க் கணக்கின் ஏபிஐ சாவியையும் அதன் ரகசியத்தையும் (சாவியோடு வரும் கடவுச்சொல் மாதிரி) ஓர் உரைக் கோப்பில் பச்சையாக எழுதி வைக்கச் சொல்கிறது. பூட்டு இல்லை, மறையாக்கம் இல்லை. மடிக்கணினியைத் திறந்தவர் யாரும் படிக்கலாம். அதே கோப்பில், சோதனைத் தளமா அசல் தளமா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு சொல்: "ஆம்" அல்லது "இல்லை". எங்கள் கிளையில் பெட்டக அறையைத் திறக்க இரண்டு அதிகாரிகள் வேண்டும், ஆளுக்கு ஒரு சாவி. ஒருவர் விடுப்பில் போனால் சாவியைக் கைமாற்றிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம். அப்படி வளர்ந்தவளுக்கு இந்தக் கோப்பைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கணினியிலேயே சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பெட்டகம் இருக்கிறது, சில இணைப்பான்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று பையன் சொன்னான். அப்படியானால் அதைப் பயன்படுத்தாதவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் முதல் தீர்ப்பு.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்டிடம் தமிழில் பேசினேன். சரளமாகப் புரிந்துகொண்டது. நான் கேட்ட முதல் வேலை, இப்போது எத்தனை துணைக் கணக்குகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது. பிழை வந்தது: 10002. எண்ணை மட்டும் துப்பிவிட்டு நிற்கும் என்று நினைத்தேன். அது உடனே எக்ஸ்சேஞ்சின் நேரத்தைக் கேட்டு வாங்கி, மடிக்கணினியின் நேரத்தோடு ஒப்பிட்டு, "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, கோரிக்கையில் இருக்கும் நேரமுத்திரை 5000 மில்லிவினாடி வரம்பைத் தாண்டிப் போய்ச் சேருவதால் மறுக்கப்படுகிறது. கணினியின் நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள்" என்று சொன்னது. மாற்றியதும் வேலை நடந்தது. பையன் ஒருமுறை இதே பிழையோடு ஓர் இரவு முழுக்க மல்லுக்கட்டியவன். எக்ஸ்சேஞ்சின் ஆவணத்தைப் படித்து, பிழை எண்ணுக்குக் காரணம் கண்டுபிடித்து, மனிதர் மொழியில் சொல்வதில் இந்த ஏஜென்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். உதவி மையத்தில் காத்திருந்து பெறும் பதிலைவிட நூறு மடங்கு மேல்.

அடுத்தது, கணக்கு திறப்பது. மூன்று நிரல்களுக்கு மூன்று பெயர்கள் சொன்னேன்: கட்டம், சராசரி, இருப்பு. பைபிட்டின் விதிப்படி துணைக் கணக்கின் பெயர் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து 6 முதல் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெயரும் கூடாது, நீக்கப்பட்ட கணக்கின் பெயரும் கூடாது. ஏஜென்ட் என்ன செய்தது தெரியுமா? முதல் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பியது. எண் இல்லாததால் எக்ஸ்சேஞ்ச் மறுத்தது. உடனே பெயரின் பின்னால் ஒரு "1" சேர்த்துத் தானாகவே மறுபடி அனுப்பியது. கேட்கவில்லை. இதுவரை பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது கணக்கில்தான் கூத்து. கோரிக்கை போனது; பதில் வரத் தாமதமானது; இணைப்பான் பொறுமை இழந்து "நேரம் கடந்தது" என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டது. ஏஜென்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டது. அதே பெயரில் மறுபடி கேட்டிருந்தால் எக்ஸ்சேஞ்சே "இந்தப் பெயர் இருக்கிறது" என்று நிறுத்தியிருக்கும், விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். நம் ஏஜென்டோ புத்திசாலி. பெயரில்தான் ஏதோ கோளாறு என்று ஊகித்து, கடைசியில் இருந்த "1"ஐ "2" ஆக்கி அனுப்பியது. அது உடனே திறந்தது. "இரண்டாவது கணக்கும் தயார்" என்று பச்சை நிறத்தில் சரி குறியோடு அறிவித்தது. பட்டியலை எடுத்துப் பார் என்றேன். சராசரி 1, சராசரி 2 என்று இரண்டு நின்றன. முதல் கோரிக்கையும் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது.

பண விஷயத்தில் பதில் வராத கோரிக்கை தோற்றதாகவும் ஆகாது, வென்றதாகவும் ஆகாது. அதை நிலுவையில் வைத்து, பேரேட்டைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. கணினிமயத்தின் ஆரம்ப நாட்களில் தொலைபேசி இணைப்பு அறுந்த நேரங்களில் எல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஏஜென்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சொல்லிக் கொடுத்தால் அந்த உரையாடல் முடியும் வரை கேட்கிறது. புது உரையாடல் தொடங்கினால் மறுபடி அதே புத்திசாலித்தனம். இப்படிப்பட்ட வேலைகளில் தோற்றால் பெயரை மாற்றாமல் நின்று கேட்க வேண்டும் என்பதை இணைப்பானுக்குள்ளேயே எழுதி வைத்திருக்க வேண்டும். இதில் இல்லை.

கூடுதலாகத் திறந்த கணக்கை என்ன செய்வது என்று கேட்டபோது, நீக்கிவிடலாம் என்று ஏஜென்ட் ஆலோசனை சொன்னது. உள்ளே பணம் இல்லையென்றால் நீக்க முடியும், உண்மைதான். ஆனால் நீக்கினால் அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காது, பிறகு பட்டியலைப் பார்ப்பவருக்கு நடந்தது என்னவென்றும் தெரியாது. முடக்கி வை, குறிப்பு எழுது என்றேன். முடக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் உரையாடல் செயலி அனுமதி கேட்க வேண்டும். கேட்கும். கருவியின் பெயரைக் காட்டி "இந்த ஒரு முறை அனுமதி" "எப்போதும் அனுமதி" என்று இரண்டு பொத்தான்களை நீட்டும். தம்பி மகன் அதற்கு முன்பே ஏதோ சோதித்துப் பார்த்தபோது "எப்போதும் அனுமதி"யை அழுத்தி வைத்திருக்கிறான். "ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டே இருந்தது, அத்தை" என்றான். கேட்பதற்குத்தானே அந்தப் பொத்தான் இருக்கிறது? அமைப்புகளுக்குள் போய் அதை எடுத்துவிட்டு, பார்க்கும் வேலைகளுக்கு மட்டும் நிரந்தர அனுமதி, மாற்றும் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேள்வி என்று வைத்தோம். இந்தப் பிரிவினையைச் செய்ய முடிகிறது என்பது செயலியின் நல்ல அம்சம். ஆனால் தேடிப் போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பிரிவினை இருந்ததால்தான் அடுத்த விஷயம் கண்ணில் பட்டது. எனக்குக் கணக்கு எழுத ஒவ்வொரு துணைக் கணக்கிலும் பார்வைக்கு மட்டுமான சாவி ஒன்று வேண்டும். வாங்கவோ விற்கவோ முடியக் கூடாது, பதிவுகளை மட்டும் படிக்க வேண்டும். "மூன்று கணக்குகளுக்கும் படிக்க மட்டும் அனுமதியுள்ள சாவிகளை உண்டாக்கு" என்று எழுதினேன். ஏஜென்ட் பதிலில், "சரி, படிக்க மட்டும் அனுமதியுள்ள சாவியை உண்டாக்குகிறேன்" என்று அழகாக எழுதியது. அனுமதி கேட்கும் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அழுத்தினால்தான் உண்மையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகப்போகும் வரிகள் விரியும். விரித்தேன். "படிக்க மட்டும்" என்ற புலத்துக்கு, அதாவது படிவத்தில் நிரப்ப வேண்டிய அந்த இடத்துக்கு, நேராக 0 என்று இருந்தது.

பைபிட்டின் ஏபிஐயில் அந்தப் புலத்தில் 1 என்றால் படிக்க மட்டும், 0 என்றால் படிக்கவும் எழுதவும். கீழே, அனுமதிகளின் பட்டியலில் ஸ்பாட் வர்த்தகமும் (நாணயத்தை அப்போதைய விலையில் உடனே வாங்கி விற்பது) இருந்தது. ஆக, வாய் சொன்னது பார்வைச் சாவி, படிவத்தில் இருந்தது வர்த்தகச் சாவி. இணைப்பானை எழுதியவர் அந்தப் புலத்துக்கு விளக்கமே எழுதவில்லை, எதுவும் சொல்லாவிட்டால் தானாக விழும் இயல்பு மதிப்பாக 0 வைத்திருக்கிறார் என்று பையன் பிறகு நிரலைத் திறந்து பார்த்துச் சொன்னான். ஏஜென்ட் விளக்கமில்லாத படிவத்தைத் தன்னம்பிக்கையோடு நிரப்பியிருக்கிறது. பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இருந்திருக்காது. எண்ணம் எப்படி இருந்தால் என்ன, சாவி சாவிதான்.

கிளையில் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடும் அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன், படிவத்தைப் படித்துப் போடுபவரையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவியின் வடிவமைப்பே முதல் வகையை வளர்க்கிறது. பெரிய எழுத்தில், நல்ல மொழியில் ஏஜென்டின் பேச்சு. சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் படிவம். தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் படிவம், எந்தக் கணக்கு, என்ன அனுமதி, எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியின் விலாசம்) என்று பளிச்சென்று, பேச்சு அதன் கீழே.

இதை நான் கிழவியின் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று அந்த மூன்று பேரும் முதலில் சிரித்தார்கள். பைபிட்டிலேயே 2025 பிப்ரவரி 21 அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் ஒரே நாளில் திருட்டுப் போனது. வட கொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. அதில் பைபிட்டின் பணப்பெட்டி உடைக்கப்படவில்லை. பல பேர் சேர்ந்து ஒப்பமிடுவதற்கு அவர்கள் பயன்படுத்திய சேஃப் என்ற வாலட்டின் (கிரிப்டோ பணப்பை) இணையப் பக்கத்துக்குள் திருடர்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். திரையில் தெரிந்தது வழக்கமான பணமாற்று, ஒப்பமிட்டவர்களின் கையெழுத்து உண்மையில் விழுந்தது வேறொன்றின் மேல். ஒருவருக்குப் பல பேர், அனுபவசாலிகள், கூட்டாக ஒப்பமிட்டும் இந்தக் கதி. திரை சொல்வதும் உள்ளே போவதும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலையை ஏஜென்டிடமே விட்டால், பார்ப்பவர் யார்?

சரி, புலத்தை 1 என்று திருத்தச் சொன்னேன். திருத்தியது. சாவி உண்டானது. உடனே அடுத்த அதிர்ச்சி: சாவியையும் ரகசியத்தையும் அட்டவணை போட்டு உரையாடலிலேயே எழுதிக் காட்டியது. "இந்த ரகசியம் மீண்டும் காட்டப்படாது, பத்திரமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அக்கறையோடு அறிவுரை வேறு! எக்ஸ்சேஞ்ச் ரகசியத்தை ஒரே ஒரு முறைதான் தரும் என்பது சரிதான். ஆனால் அந்த ஒரு முறை அது போய்ச் சேர்ந்த இடம் ஏஐ நிறுவனத்தின் சேவையகம் வழியாக வந்த ஓர் உரையாடல், செயலியின் வரலாற்றில் என்றைக்கும் கிடக்கப்போகும் உரையாடல். ரகசியத்தை ஏஐ மாதிரியின் கண்ணில் காட்டாமலே இணைப்பான் நேரடியாகக் கணினியின் பெட்டகத்தில் போட்டுவிட்டு, "சாவி தயார், இந்தப் பெயரில் வைத்திருக்கிறேன்" என்று மட்டும் ஏஜென்டிடம் சொல்லியிருக்கலாம். செய்ய முடியாத காரியம் இல்லை. இப்படி வெளிப்பட்ட சாவியை அந்த நிமிடமே அழித்துவிட வேண்டும். சோதனைத் தளம் என்றாலும் அழித்தோம், பழக்கம் பழக்கம்தான்.

ஐபி முகவரி பற்றியும் ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. குறிப்பிட்ட முகவரியோடு கட்டப்படாத சாவி பைபிட்டில் மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும். கட்டினால் காலாவதி இல்லை, வேறு இடத்திலிருந்து யாரும் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் வீட்டு இணைய இணைப்பில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அப்போது 10010 என்ற பிழை வரும். நிலையான முகவரி உள்ள சின்ன வாடகைச் சேவையகம் ஒன்றில் நிரல்களை ஓட்டினால் தீர்ந்தது. அவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

எனக்கு இன்னும் நெருடுவது தாய்ச் சாவி. துணைக் கணக்கு திறக்க மட்டும் ஓர் அனுமதி, வேறெதுவும் கூடாது என்று ஒரு சாவி செய்ய முடிந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். பைபிட்டின் ஆவணப்படி துணைக் கணக்கைத் திறக்கும் சாவிக்குக் கணக்குகளுக்கு இடையே பணம் மாற்றும் அனுமதியோ, வெளியே எடுக்கும் அனுமதியோ இருக்க வேண்டும். பைனான்ஸின் ஆவணம் இதே வேலைக்கு வர்த்தக அனுமதியைக் கேட்கிறது. ஆகவே கணக்கு திறக்கும் குமாஸ்தாவின் கையில் கொஞ்சம் காசாளர் அதிகாரமும் சேர்ந்தே போகிறது. வெளியே எடுக்கும் அனுமதியைக் கனவிலும் தரக் கூடாது. துணைக் கணக்குகளுக்கு இடையே மாற்றும் அனுமதி மட்டும் போதும். அதோடு இந்த முகவரிகளுக்கு மட்டும்தான் பணம் வெளியே போகலாம் என்ற வெள்ளைப் பட்டியலையும் போட்டு வைத்துவிட்டால், மோசமான நாளிலும் பணம் கிளைகளுக்குள்ளேயே சுற்றும், வாசலைத் தாண்டாது.

இதில் இன்னொரு ஓட்டை. அதே உரையாடலில் ஏஜென்டுக்கு இணையப் பக்கங்களைப் படிக்கும் கருவியும் இணைத்திருந்தார்கள், செய்தி பார்க்க வசதி என்று. ஏதோ ஒரு பக்கத்தில் யாரோ ஒளித்து எழுதி வைத்த வாசகத்தை ஏஜென்ட் நம்முடைய கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது, இன்னும் முழுத் தீர்வு காணாதது. சாவி கையில் இருக்கும் உரையாடலில் வெளியார் எழுத்து நுழையக் கூடாது. இரண்டையும் பிரித்துவிட்டோம்.

அப்படியானால் கருவி வீணா? இல்லை. பார்வைச் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் பாருங்கள், அற்புதமாக வேலை செய்கிறது. "போன வாரம் மூன்று கணக்குகளிலும் கட்டணம் எவ்வளவு போனது, எந்த நிரல் தேவையில்லாமல் அதிகம் வாங்கி விற்றது" என்று கேட்டேன். பதிவுகளை எடுத்து, கூட்டி, நாணயவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. நான் கையால் சரிபார்த்த இடங்களில் கூட்டல் சரியாக இருந்தது. கூட்டலைத் தன் மனத்தில் போடாமல் சின்ன நிரல் எழுதிப் போட வைத்தால் இன்னும் நம்பலாம். இந்தியாவில் வரி கட்டுபவர்களுக்கு இந்தப் பதிவுகள் உயிர்நாடி. கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்தில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கணக்கைக் கிளைகளாகப் பிரித்தால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பான் எண் ஒன்று, வரி ஒன்று. கிளைகள் பிரிப்பதால் கிடைப்பது தெளிவு மட்டும்தான். அந்தத் தெளிவே பெரிது.

மூன்றே கணக்குகளைத் திறக்க இவ்வளவு பாடு தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். தேவையில்லை. எக்ஸ்சேஞ்சின் பக்கத்தில் உள்ளே நுழைந்து, துணைக் கணக்குப் பகுதிக்குப் போய், பெயர் கொடுத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணை அடித்தால் கணக்கு தயார். காப்பி ஆறுவதற்குள் மூன்றையும் முடித்துவிடலாம். அங்கே தாய்ச் சாவியும் வேண்டாம், கோப்பும் வேண்டாம், சரிபார்ப்பு எண் நம் கைபேசியில் இருக்கிறது. நிறைய வாடிக்கையாளர்கள், நிறைய நிரல்கள், வாராவாரம் புதுக் கணக்குகள் என்று இருக்கும் நிறுவனத்துக்குக் கையால் செய்வது கட்டாது, உண்மை. அவர்களுக்கும் நான் சொல்வது, ஏஜென்டைத் திறக்க விடாதீர்கள், திறப்பதற்கான நிரலை எழுத விடுங்கள். எழுதிய நிரலை ஒரு மனிதர் படிக்கட்டும், பிறகு ஒவ்வொரு முறையும் அந்த நிரல் அதே வேலையை அதே மாதிரி செய்யும். இன்றைக்கு ஒரு புத்தி, நாளைக்கு ஒரு புத்தி என்று இருக்காது. நாங்கள் அப்படி ஒரு நிரலை ஏஜென்டிடம் எழுதி வாங்கிப் பார்த்தோம். பதில் வராவிட்டால் பெயரை மாற்றாமல் பட்டியலைப் பார்க்கும்படி நான் கேட்டதையும் சேர்த்து, நேர்த்தியாக எழுதிக் கொடுத்தது. அதற்கும் நல்ல மதிப்பெண்.

இப்போதைய ஏற்பாடு: மூன்று துணைக் கணக்குகளையும் பையன் கையால் திறந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களையும் அடையாள எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். வர்த்தகச் சாவிகள் சேவையகத்தில், முகவரியோடு கட்டப்பட்டு. பார்வைச் சாவிகள் என்னிடம், ஏஜென்ட் அவற்றை மட்டுமே தொடும். இணைப்பானை எழுதியவருக்கு, படிக்க-மட்டும் புலத்துக்கு விளக்கம் எழுதி இயல்பு மதிப்பை 1 ஆக்குங்கள், ரகசியத்தை உரையாடலில் காட்டாதீர்கள் என்று பையனை விட்டு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். முதலாவதை ஏற்றுக்கொண்டு திருத்திவிட்டார். இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை.